மைக்கில் வந்த பெயர்

ஓசூர்
14.10.2024

அன்புள்ள தம்பி ஜெபராஜுக்கு அக்கா தபீதாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும், ஷெர்வினும், மருமகள் அபிகாயிலும் இங்கே சுகம். உன் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லைன்னு வீடியோவிலேயே பார்த்துட்டேன்.

போன் பண்ணாம லெட்டர் போடறாளேன்னு பாக்கறியா? நீதான் என் நம்பரை பிளாக் பண்ணிட்டியே ராசா. லெட்டரை எப்படி பிளாக் பண்ணுவேன்னு பாக்கறேன்.

கொயர்ல பாடற சரசு எல்லாத்தையும் படம் பிடிச்சு அனுப்பிட்டா. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காயைப் பதினோராயிரத்துக்கு எடுத்தே. சரி, கோயிலுக்குப் போற காசு. எடுத்ததை மறுபடி ஏலத்துக்கே திருப்பிக் குடுத்தே. அதுவும் நம்ம சபை வழக்கம்தான், அப்பாகூட ஒரு வருஷம் எலுமிச்சம்பழத்தைத் திருப்பிக் குடுத்தார். ஆனா திருப்பிக் குடுத்த பூசணிக்காயை நீயே பதினெட்டாயிரத்துக்கு எடுப்பியாடா? அதையும் திருப்பிக் குடுத்துட்டு மூணாவது தடவை இருபத்தஞ்சாயிரத்துக்கு எடுப்பியா? அதுக்குள்ள இன்னா கீது, தங்கமா? சொந்தக் காயை மூணு தடவை காசு குடுத்து வாங்கின புண்ணியவான் பீர்க்கன்கரணையிலேயே நீ ஒருத்தன்தான்.

ரிட்டயர் ஆகி வந்த பி.எஃப். பணம் அது. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்காம ஒண்டியா நிக்கற. நாளைக்கு உடம்புக்கு முடியலைன்னா யார் பாப்பா? எனக்கும் பென்ஷன் கிடையாது, தனியார் நர்சரி ஸ்கூல்ல இருந்தவதானே. நம்ம ரெண்டு பேருக்கும் மிச்சம் அப்பா கட்டின வீடு ஒண்ணுதான். கீழ என் ரூம் அப்படியே இருக்கணும். எங்கே சுத்தினாலும் கடைசியில நான் வந்து படுக்கப் போறது அங்கதான்.

நம்பரை எடுத்து விடு. திட்ட மாட்டேன். கொஞ்சமா திட்டுவேன்.

உன் அக்கா,
தபீதாள்


பீர்க்கன்கரணை
25.10.2024

பிரியமுள்ள அக்காவுக்கு ஜெபராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கு?

நம்பரை இப்போ எடுக்க மாட்டேன். போன்ல நீ பேச ஆரம்பிச்சா நான் வாயே திறக்க முடியாது. எழுதினாத்தான் என் பக்கத்தையும் சொல்ல முடியும்.

கம்பெனி ஸ்டோர்ஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல நட்டும் போல்ட்டும் எடுத்துக் குடுத்தேன். அங்க எனக்குப் பேர் ‘ஏய் ஸ்டோர்ஸ்’. கோயில்ல எப்பவும் கடைசி பெஞ்சு. ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா ஆயர் என் கையைக் குலுக்கிட்டே எனக்குப் பின்னாடி நிக்கறவர்கிட்ட பேசுவார். அன்னிக்கு என்னமோ கை தானா மேல போச்சு. செக்ரட்டரி மைக்ல, ‘ஜெபராஜ் சார் பதினோராயிரம், ஒரு தரம்’னார். சார்னார் அக்கா! முன்பெஞ்சுல இருக்கறவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. கல்ஃப்ல இருந்து வந்து நிலம் வாங்கி விக்கற வில்பிரட் அண்ணன் போட்டிக்கு வந்தார், நான் விடல. கடைசியில அவரே மைக்கை வாங்கி, ‘ஜெபராஜ் சாரோட நம்மால முடியாதுப்பா’ன்னு சிரிச்சார். கோயில் முழுக்கக் கை தட்டிச்சு.

ஐம்பத்தெட்டு வயசுல முதல் தடவையா என் பேர் மைக்ல வந்தது. அது உனக்குப் புரியுமான்னு தெரியல.

உன் ரூம் அப்படியேதான் இருக்கு.

உன் தம்பி,
ஜெபராஜ்


ஓசூர்
3.11.2024

அருமைத் தம்பிக்கு அக்காவின் வாழ்த்துதல். முட்டி வலி இருக்கு, நானும் இருக்கேன், ரெண்டு பேரும் ஒத்துப் போறோம்.

புரியாம என்னடா? உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். ஞாயிறு பள்ளியில மனப்பாட வசனம் சொல்ல மேடை ஏறிட்டு அழுதுட்டு இறங்கினவன் நீ. கை தட்டு கேட்டா நல்லாத்தான் இருக்கும். யாருக்குத்தான் இருக்காது? ஆனா அடுத்த ஞாயிறு அவங்க வேற ஒருத்தனுக்குத் தட்டுவாங்க. அப்போ என்ன பண்ணுவே?

போனது போகட்டும். இதோட நிறுத்திக்கோ. மீதியை பேங்க்ல போட்டு வை. வீட்டு வரி கட்டின ரசீதை ஒரு நகல் எடுத்து அனுப்பு. வரி, கரண்டுன்னு நான் ஒவ்வொரு தடவையும் அலைய முடியாதுன்னுதானே வீட்டுல என் பாதிக்கும் சேர்த்து உனக்கு முழு பவர் பத்திரம் எழுதிக் குடுத்தேன்.

இங்கே நல்ல குளிர். என் ரூம்ல அபிகாயில் ஓடற மெஷின் வாங்கிப் போட்டிருக்கா, உடம்பு குறைக்க. நான் ஹால்ல படுத்துக்கறேன். அதுதான் சௌகரியம், டிவி பார்த்துகிட்டே தூங்கிடலாம்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

தபீதாள்


பீர்க்கன்கரணை
30.11.2024

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். பதில் தாமதம், மன்னிக்கவும். மழையில ஏரி நிரம்பி ரோட்டுல முழங்கால் தண்ணி, வெளிய போக முடியல.

நீ வேற யார் மூலமாவது கேட்டுட்டு என்னைத் திட்டறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஒரு வாட்ச் வாங்கினேன். வெளிநாட்டு வாட்ச். விலை சொன்னா நீ நெஞ்சைப் பிடிச்சுப்பே, அதனால சொல்லல. அந்தக் கடைக்குள்ள நீ போய்ப் பார்க்கணும். செருப்பைக்கூடக் கழட்ட வேணாம்னான். ஏ.சி.ல சோபாவுல உட்கார வெச்சு, ‘சார், காபியா, ஜூஸா?’ன்னு கேட்டான். கோட் போட்ட பையன் வெள்ளைக் கையுறை மாட்டிகிட்டு, என் கையைப் பிடிச்சு வாட்சைக் கட்டி விட்டான். யாராவது என் கையைப் பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு அக்கா? அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஜூஸ் குடிச்சுட்டு வேணாம்னு எப்படி எழுந்து வர முடியும்?

கிறிஸ்மஸுக்கு வீடு வீடாப் பாடிட்டுப் போற கேரல் ரவுண்ட் நம்ம வீட்டுல முடியணும்னு சபையில கேட்டிருக்காங்க. எல்லாருக்கும் பிரியாணி நம்ம செலவு.

உன் தம்பி,
ஜெபராஜ்


ஓசூர்
19.12.2024

தம்பிக்கும் தம்பியின் வெளிநாட்டு வாட்சுக்கும் அக்காவின் கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

மணி என்னடா ஆச்சு? ஆயிரம் ரூபா வாட்ச் காட்டற மணியைத்தானே அதுவும் காட்டுது? இல்ல, அரை மணி சேர்த்துக் காட்டுதா? ரிட்டயர் ஆனவனுக்கு எந்த ஆபீசுக்கு டைம் ஆவுது?

கையைப் பிடிச்சான்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சுட்டு எனக்குச் சோறு இறங்கல. உன்னை அப்பவே வலுக்கட்டாயமா யாருக்காவது கட்டி வெச்சிருக்கணும். நான் பக்கத்துல இருந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்காது.

அதனாலதான் ஒரு யோசனை. கோடைக்கு நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்கறேன். கொஞ்ச நாள்னு சொல்றேன், கூடவும் இருக்கலாம். என் ரூமுக்கு ஒரு கோட் வெள்ளை அடிச்சு வை. கட்டில் காலைக் கரையான் அரிச்சிருக்கும், பாரு. இங்கே ஒரு குறையும் இல்ல. தம்பி முகத்தைப் பாக்கணும்னு இருக்கு, அவ்வளவுதான்.

வரி ரசீது இன்னும் வரல.

தபீதாள்


பீர்க்கன்கரணை
2.2.2025

அக்காவுக்கு, புது வருஷ வாழ்த்து. லேட்டாச்சு.

கேரல் ரவுண்ட் பிரமாதமா முடிஞ்சுது. நூத்தி இருபது பேர். வாசல்ல சீரியல் செட் போட்டு, பந்தல் போட்டு, அட்டகாசம். ஆயரம்மா நம்ம ஹால்ல உட்கார்ந்து ஒரு பாட்டு பாடினாங்க. அம்மா செத்த பிறகு அந்த ஹால்ல யாரும் பாடினதே இல்ல.

பைக் ஒண்ணு வாங்கியிருக்கேன். பெருசு. ஓட்ட இன்னும் பயமாத்தான் இருக்கு, கோயிலுக்கு மட்டும் முதல் கியர்ல போறேன். சிரிக்காதே.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. உன் மகன் ஷெர்வின் பதினாறு லட்சத்துக்குக் கார் வாங்கினான். அப்போ நீ போன் போட்டு, ‘பிள்ளை முன்னுக்கு வந்துட்டான், ஸ்தோத்திரம்’னே. அவங்க ஓடற மெஷின் வாங்கினா உனக்கு அது சௌகரியம். நான் ஒரு வாட்ச் வாங்கினா மட்டும் திமிரா? பிள்ளை குட்டி இல்லாதவனுக்கு ஆசையும் இருக்கக் கூடாதா? நான் யாருக்காகச் சேர்த்து வைக்கணும்?

ஜெபராஜ்


ஓசூர்
12.2.2025

ஜெபா,

சுகம் விசாரிக்க மனசு வரல. ஆனாலும் விசாரிக்கறேன், சுகமா?

ஷெர்வின் குடும்பஸ்தன், சம்பாதிக்கறான், வாங்கறான். போன வாரம்கூட பெங்களூர்ல இருந்து சோபா வந்து இறங்கிச்சு. ஹால்ல பாதியை அடைச்சுகிட்டு நிக்குது, பாக்க ராஜா வீடு மாதிரி இருக்கு. என் பிள்ளையைப் பத்திப் பேச உனக்கு என்ன...

சரி விடு. நீ கேட்டது நியாயம்தான். உன்னைத் திட்டினா நீ திருப்பித் திட்டுவே, அப்புறம் சரியாப் போயிடும். இங்கே நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதான் எல்லாத்தையும் சேர்த்து உன்மேல கொட்டறேன் போல.

யாருக்காகச் சேர்க்கணும்னு கேட்டியே. எனக்காகன்னு ஒரு தடவைகூட உனக்குத் தோணலையாடா?

நான் கோடைக்கு வரேன்னு எழுதினதுக்கு உன் லெட்டர்ல ஒரு வரிகூட இல்ல. மூணு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன். ரூம் எப்படி இருக்கு? வெள்ளை அடிச்சியா? பைக்குக்குக் காசு எங்க இருந்து வந்துச்சு?

தபீதாள்


ஓசூர்
20.3.2025

அன்புள்ள தம்பி ஜெபராஜுக்கு,

பதில் இல்ல. லெட்டர் வந்துச்சா, இல்ல தபால்காரர் தொலைச்சுட்டாரா? சரசுவும் பொண்ணோட பிரசவத்துக்குன்னு துபாய் போயிட்டா, உன்னைப் பத்திச் சொல்ல அங்க எனக்கு ஒரு ஆள் இல்ல. உன் போன் இப்போ பிளாக்கூட இல்ல, ஸ்விட்ச் ஆஃப்னு வருது.

உடம்பு கிடம்பு சரியில்லையா? பைக்ல இருந்து விழுந்து வெச்சியா? எதுவா இருந்தாலும் சொல்லு. கடன் வாங்கியிருந்தாலும் சொல்லு. வாட்சை வித்துடலாம், பைக்கை வித்துடலாம், ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சுகிட்டு இருந்துடலாம். நான் திட்ட மாட்டேன். இந்தத் தடவை நிஜமா சொல்றேன்.

ஒரு வரி எழுதிப் போடு.

உன் அக்கா


பீர்க்கன்கரணை
6.4.2025

அக்கா,

நான் நல்லா இருக்கேன். போன் ரிப்பேர். வீட்டுல கொஞ்சம் வேலை நடக்குது, ஒரே தூசி. நீ இப்போ வர வேணாம். வேலை முடிஞ்சதும் நானே எழுதறேன். கோடைக்கு ஓசூர்தான் உனக்கு நல்லது, இங்கே வெயில் தாங்காது.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

ஜெபராஜ்


ஓசூர்
2.5.2025

தம்பி,

தூசியோ மண்ணோ, நான் வரேன். மே மாசம் பதினாலாம் தேதி புதன்கிழமை காலையில இங்கே பஸ் ஏறறேன். சாயங்காலத்துக்குள்ள பெருங்களத்தூர் வந்துடுவேன். நீ ஸ்டாப்புக்கு வர வேணாம், எனக்கு வழி தெரியும்.

சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். என் வாயாலே என் பிள்ளை வீட்டைப் பத்திச் சொல்ல வேணாம்னு. அந்தச் சோபா வந்ததில இருந்து ஹால்ல பாய் விரிக்க இடம் இல்ல, அதனால சோபாவிலேயே படுத்தேன். அந்தத் துணியில என் தலையெண்ணெய் பட்டு ஒரு கறை. அபிகாயில் ரெண்டு நாள் எதை எதையோ போட்டுத் தேய்ச்சா. அப்புறம், ‘ஆன்ட்டி, இது என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க பால்கனியில படுத்துக்கோங்க’ன்னா. ஷெர்வின் பக்கத்துலதான் இருந்தான். போனைப் பார்த்துகிட்டே இருந்தான். என் நகையை வித்துப் படிக்க வெச்ச பிள்ளை.

ஒன்றரை மாசம் பால்கனியிலதான் படுத்தேன். நேத்து என்னால முடியல. நம்ம வாய் தெரியுமே உனக்கு. ‘எனக்குன்னு எங்கப்பா கட்டின வீடு இருக்கு. என் தம்பி ராஜா மாதிரி வெச்சிருக்கான். இனிமே இந்த வாசப்படி மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல’ன்னு சொல்லிட்டேன். அக்கம்பக்கம் கேக்கற மாதிரி சத்தமா சொன்னேன். சொல்றப்போ எனக்கே பெருமையா இருந்துச்சு ஜெபா. நீ மைக்ல பேர் வந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு எழுதினியே, அது நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது.

கட்டில் இல்லைன்னாலும் பரவாயில்ல. சுவர் ஓரமா ஒரு பாய் போதும்.

தபீதாள்


முடிச்சூர்
10.5.2025

அக்கா,

வராதே. தயவுசெய்து வராதே.

உன் லெட்டர் நேத்துதான் கைக்கு வந்துச்சு. நான் பீர்க்கன்கரணையில இல்ல. தபால்காரர்கிட்ட சொல்லி வெச்சு லெட்டரை வாங்கிக்கறேன். முடிச்சூர்ல ஒரு ஒத்தை ரூம்ல இருக்கேன். வீடு நம்மகிட்ட இல்ல அக்கா. மார்ச்ல வித்தாச்சு. நீ குடுத்த பவரை வெச்சு உன் பாதிக்கும் நானே கையெழுத்துப் போட்டேன்.

பி.எஃப். பணம் வாட்ச்சோட முடிஞ்சு போச்சு. கேரல் ரவுண்டுக்கும் பைக்குக்கும் வீட்டு மேல கடன் வாங்கினேன். வட்டி கட்ட இன்னொரு கடன். வீட்டுக்கு வந்து சத்தம் போட ஆரம்பிச்சாங்க, அப்போ வில்பிரட் அண்ணன்தான் வீடு வாங்கற பார்ட்டியைக் கூட்டிட்டு வந்தார். கடன் போக மிச்சத்தை உனக்குன்னு தனியா வெச்சேன். சத்தியமா வெச்சேன். ஈஸ்டர் ஆராதனையில மணிக்கூண்டு கட்ட யார் முன்வர்றீங்கன்னு ஆயர் கேட்டார். வீடு போனது யாருக்கும் தெரியாது. எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு உட்கார்ந்திருக்க முடியல அக்கா. எழுந்துட்டேன். உனக்குன்னு வெச்சதை அப்படியே குடுத்துட்டேன்.

கல்வெட்டுல உன் பேரும் இருக்கு. ‘தபீதாள், ஜெபராஜ்’னு போடச் சொன்னேன். உன் பேரை முதல்ல போடச் சொன்னேன்.

போன்ல சொல்லலாம்னு ஒரு கடையில போய் உன் நம்பரைப் போட்டேன். நீ ‘அலோ, யாரு?’ன்னே. நான் அப்படியே வெச்சுட்டேன். நான் மனுஷனே இல்ல. நீ அபிகாயில்கிட்ட சொன்னதை எப்படியாவது வாபஸ் வாங்கிக்கோ. கால்ல விழுந்தாவது அங்கேயே இரு. இங்கே உன்னை உட்கார வைக்க எனக்கு ஒரு நாற்காலி இல்ல.

ஜெபராஜ்


ஓசூர்
27.5.2025

அன்புள்ள மாமாவுக்கு ஷெர்வின் எழுதிக்கொள்வது. நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அபிகாயிலும் நலம். உங்கள் போன் போகவே மாட்டேங்குது, அதனாலதான் கூரியர் பார்சலோட இந்த லெட்டர்.

அம்மா கிளம்பறப்போ கொஞ்சம் கோவமாத்தான் போனாங்க. எங்களுக்கும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா உங்ககூட இருக்கறது பெரிய நிம்மதி மாமா. தினமும் அம்மாவே போன் பண்றாங்க. சார்ஜ் இல்லைன்னு ரெண்டு நிமிஷத்துல வெச்சுடறாங்க. ரூமுக்கு வெள்ளை அடிச்சு, புதுக் கட்டில் போட்டுக் குடுத்திருக்கீங்களாம், தம்பி தங்கமாப் பாத்துக்கறான்னு சொன்னாங்க. நேத்து பேசறப்போ பின்னாடி ஒரே ட்ரெயின் அறிவிப்பு. தாம்பரம் ஸ்டேஷன்லயா இருக்கீங்கன்னு கேட்டேன். இல்லடா, வீட்டுப் பக்கத்துலதானே லைன் போகுதுன்னாங்க. அவ்வளவு கிட்டயா லைன் போகுதுன்னு எனக்குத் தெரியாது.

பிரஷர் மாத்திரையை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு மாசத்துக்கு வாங்கி அனுப்பியிருக்கேன். காலையில வெறும் வயத்துல போடக் கூடாது, பாத்துக்கோங்க.

அம்மா கிளம்பினதுக்கு மறுநாள் அவங்க பேருக்கு உங்க லெட்டர் ஒண்ணு வந்துச்சு. பின்னாடி முடிச்சூர்னு புது அட்ரஸ் போட்டிருந்தீங்க, அம்மா வீடு மாத்தினதைச் சொல்லவே இல்லையே. அந்த அட்ரசுக்குத்தான் இந்தப் பார்சலையும் போடறேன். அந்த லெட்டரும் இதுக்குள்ள இருக்கு. நான் பிரிக்கல. அம்மா உங்ககூடத்தானே இருக்காங்க, நீங்களே கையில குடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஷெர்வின்